அந்தமானில் எந்தக் கடற்கரை? அம்மாவும் தண்ணீரில் இறங்க ஒரு திட்டம்

அந்தமானுக்கு டிக்கெட் போட்ட செய்தி உறவினர் வாட்ஸ்அப் குழுவில் பரவியதும், அரை மணி நேரத்துக்குள் ஒரு பட்டியல் வந்துவிடும். ராதாநகர், காலாபத்தர், எலிஃபெண்ட் பீச், பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், கார்பின்ஸ் கோவ், சிடியா டாப்பு... ‘ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்’ என்று கீழே ஒரு குறிப்பும் இருக்கும். டிராவல்ஸ்காரர் தரும் திட்டத்திலும் இதே கதைதான். ஐந்து நாளில் பத்துக் கடற்கரை. ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம், நாலு செல்ஃபி, திரும்ப வேனில் ஏறு.

ஊர் திரும்பியபின் அந்தப் படங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். குழந்தைகள் தண்ணீரில் இருப்பார்கள். அப்பா இடுப்பளவு ஆழத்தில் நிற்பார். அம்மாவோ பாட்டியோ மணலில் நான்கு ஜோடிச் செருப்பு, மூன்று பை, எல்லாருடைய செல்போன் எல்லாவற்றுக்கும் காவலாக உட்கார்ந்திருப்பார். விமானக் கட்டணம் அவருக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறோம். ஆனால் கடல் மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை.

அதனால், ‘எது சிறந்த கடற்கரை?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘நம் வீட்டில் எல்லாரும் இறங்கக்கூடிய கடற்கரை எது, எந்த நேரத்தில்?’ என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். அதற்கு நான்கு விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் ஊர்ப் பெயர்கள்

டிக்கெட் எடுக்கும்போதே குழப்பம் வராமலிருக்க ஒரு குறிப்பு. ஹேவ்லாக் தீவின் பெயர் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவின் பெயர் ஷஹீத் த்வீப் என்றும் மாற்றப்பட்டன. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சு வழக்கில் இன்னும் பழைய பெயர்கள்தான் ஓடுகின்றன. இந்தக் கட்டுரையிலும் அவையே.

தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறிய தீவுகள் ஹேவ்லாக்கும் நீலும். ஹேவ்லாக்கில் ராதாநகர், கோவிந்தநகர், ஷ்யாம்நகர், கிருஷ்ணாநகர் எனக் கண்ணன் பெயர்கள். நீலில் சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர் என ராமாயணம். எந்தக் கடற்கரை எந்தத் தீவில் என்ற குழப்பம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: ராதை ஹேவ்லாக்கில், சீதை நீலில்.

1. எந்த மாதம் போகிறீர்கள்?

அந்தமானுக்கு இரண்டு பருவக்காற்றும் உண்டு. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருவதற்கு முன்பே, மே மூன்றாவது வாரத்தையொட்டி அங்கே இறங்கிவிடும். செப்டம்பர் வரை அதன் ஆட்சி. பிறகு வடகிழக்குக் காற்று. அதன் மழை டிசம்பர் வரைகூட இழுக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

நமக்கோ பள்ளி விடுமுறைதான் கணக்கு. கோடை விடுமுறையில் போவதென்றால் ஏப்ரல் கடைசியோ மே முதல் வாரமோ நல்லது. ‘மே கடைசியில் ஹோட்டல் மலிவாகக் கிடைக்கிறது’ என்று யாராவது சொன்னால், அது ஏன் மலிவு என்பதற்கு மேலே உள்ள பத்திதான் பதில்.

காற்றின் திசை கடற்கரைக்கும் பொருந்தும். தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது மேற்கு பார்த்த கடற்கரைகளில் அலை எழும்பும்; கிழக்கு பார்த்தவை ஒப்பளவில் அமைதியாக இருக்கும். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். ஜனவரியில் குளம்போலத் தெரியும் ராதாநகர், ஜூலையில் வேறு முகம் காட்டும். நண்பர் வீட்டார் போய்வந்த படத்தைப் பார்த்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும் முன், அவர்கள் எந்த மாதம் போனார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

2. கடற்கரை எந்தத் திசை பார்க்கிறது?

அந்தமானில் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் வேறு. போர்ட் பிளேர் சென்னையிலிருந்து சுமார் 12 பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், அங்கே சூரியன் நம் ஊரைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் இறங்கிவிடும், ஐந்தரைக்கு இருட்டு.

நாம் மெரினா பழக்கத்தில், ‘சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, காபி குடித்துவிட்டு ஐந்து மணிக்குப் போகலாம்’ என்று நினைப்போம். ராதாநகருக்கு ஐந்து மணிக்குப் போனால் கூட்டத்தின் முதுகைத்தான் பார்க்கலாம். இரண்டரை, மூன்று மணிக்கே அங்கே இருக்க வேண்டும். குளித்து, துணி மாற்றி, இளநீர் குடித்துவிட்டு உட்கார்ந்தால் சூரியன் கடலில் இறங்கும் காட்சி சரியாகக் கிடைக்கும்.

மேற்கு பார்த்தவை, அதாவது சூரிய அஸ்தமனத்துக்கு ஏற்றவை: ஹேவ்லாக்கில் ராதாநகர், நீலில் லட்சுமண்பூர். கிழக்கு பார்த்தவை, சூரிய உதயத்துக்கு ஏற்றவை: ஹேவ்லாக்கில் காலாபத்தர், நீலில் சீதாபூர். உதயம் பார்க்க ஆசையிருந்தால் ஐந்து மணிக்கு முன்பே எழுந்து கிளம்ப வேண்டும். வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லையென்றால், உதயக் கடற்கரைகள் இரண்டையும் இப்போதே அடித்துவிடலாம். பட்டியலில் இரண்டு குறைந்தது.

3. தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும்?

இதைத்தான் பெரும்பாலான பயணத் திட்டங்கள் கண்டுகொள்வதில்லை. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்னைக் கரையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அந்தமானில் பெரிய ஏற்ற நாள்களில் ஏறத்தாழ 2 மீட்டர் வரை வரும். அதோடு பல கடற்கரைகளில் தரை சரிவே இல்லாமல் தட்டையாக இருப்பதால், தண்ணீர் வற்றும்போது கடல் நெடுந்தூரம் பின்வாங்கிவிடும். காலையில் நீலப் பளிங்காக இருந்த இடம், மதியம் பாறையும் பவளத் துண்டுமாகக் கிடக்கும். ‘இதைப் பார்க்கவா இவ்வளவு செலவழித்து வந்தோம்?’ என்று முகம் சுருங்குபவர்கள் பெரும்பாலும் தவறான கடற்கரைக்கு வந்தவர்கள் அல்ல. தவறான நேரத்தில் வந்தவர்கள்.

நீல் தீவிலேயே இதற்கு அருமையான உதாரணம் உண்டு. பரத்பூரில் குளிக்கவும், கண்ணாடித் தரைப் படகில் போய்ப் பவளப்பாறை பார்க்கவும் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். அதே தீவில் லட்சுமண்பூரின் இன்னொரு பகுதியில் கடல் குடைந்து உருவாக்கிய இயற்கைப் பாலம் இருக்கிறது. அதற்குப் பாறைகள் மேல் நடந்து போக, தண்ணீர் வற்றியிருக்க வேண்டும். ஆக, இரண்டையும் ஒரே வேளையில் ‘முடித்துவிட’ முடியாது. இடையில் சில மணி நேரம் விட வேண்டும். நீலுக்குக் காலையில் வந்து மதியம் கிளம்பும் திட்டத்தில் இரண்டில் ஒன்று அரைகுறையாகத்தான் அமையும். அந்தத் தீவில் ஓர் இரவு தங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அல்லது தங்கும் விடுதியில், ‘நாளைக்கு லோ டைட் எத்தனை மணிக்கு?’ என்று கேட்டால் போதும். அங்கே படகோட்டி முதல் சமையல்காரர் வரை எல்லாருக்கும் தெரியும். போர்ட் பிளேரில் தமிழிலேயே கேட்கலாம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் அது. வெற்றிமலை முருகனுக்குக் கோயிலே இருக்கிறது.

வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரும் உதவும். அமாவாசை, பௌர்ணமியையொட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிக அதிகம். அஷ்டமி வாக்கில் இரண்டும் மட்டுப்படும். அஷ்டமி, நவமியில் பயணம் கிளம்ப மாட்டோம் என்பவர்கள் நம்மில் நிறைய. ஆனால் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் பரத்பூரில் குளிப்பதற்கு அஷ்டமிக் கடல்தான் சாது. பாலம் பார்ப்பதுதான் நோக்கமென்றால் பௌர்ணமியையொட்டிப் போங்கள்.

4. யாரெல்லாம் வருகிறார்கள்?

இப்போது கடற்கரைகளை ஆட்களோடு பொருத்திப் பார்ப்போம்.

ராதாநகர்: ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதில் பிரபலமானது. 2020-இல் நீலக்கொடிச் சான்றும் பெற்றது. இவற்றைவிட நமக்கு முக்கியமானது, இதன் தரை. கால் வைத்த இடமெல்லாம் மணல். குத்தும் பவளம் இல்லை. உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் இருக்கின்றன. பெண்கள் கடலில் இறங்கத் தயங்குவதற்குப் பாதிக் காரணம், ‘நனைந்தால் எங்கே மாற்றுவது?’ என்பதுதான். அந்தக் கவலை இங்கே இல்லை. அலை உண்டு என்பதால் நீச்சல் தெரியாதவர்கள் முழங்கால் ஆழத்தைத் தாண்ட வேண்டாம்.

பரத்பூர்: நீல் படகுத்துறையிலிருந்து கூப்பிடு தூரம். ஆழமில்லாத, அலை குறைந்த தண்ணீர். கரையோரம் மர நிழல், இளநீர்க் கடைகள். மூட்டு வலி உள்ள பாட்டி அரை மணி நேரம் தண்ணீரில் உட்காரலாம். இரண்டு வயதுக் குழந்தையும் விளையாடலாம். ஒரே தொந்தரவு, விசைப்படகு விளையாட்டுகள். அவை ஓடும் பகுதியை விட்டுத் தள்ளி இடம் பிடியுங்கள். கால் அடியில் பவளத் துண்டுகள் இருக்கும்; ரப்பர் செருப்போடு இறங்குங்கள்.

எலிஃபெண்ட் பீச்: கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலடியில் மீன்கள் பார்க்க வேண்டுமென்றால் இது. ஹேவ்லாக் துறையிலிருந்து சிறு படகில் போகலாம். அல்லது காட்டு வழியே நடக்கலாம். மழைக்குப் பிறகு அந்தப் பாதையில் சேறு அதிகம். ஆட்டமெடுக்கும் படகில் ஏறி இறங்க வேண்டும். கூட்டமும் இரைச்சலும் உண்டு. கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரி. தாத்தா, பாட்டியை இங்கே இழுத்துவந்தால் அவர்கள் படும் பாட்டுக்கு நாம்தான் பொறுப்பு.

ஜாலி பாய்: 1983-இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்த தீவு. போர்ட் பிளேர் அருகே வண்டூரிலிருந்து படகு. அனுமதிச் சீட்டு வேண்டும், பிளாஸ்டிக் பொருள்களுக்கு அனுமதி இல்லை, கடைகள் கிடையாது. ஆண்டின் ஒரு பாதியில் மட்டுமே திறந்திருக்கும். மறு பாதியில் ரெட் ஸ்கின் என்ற தீவுக்கு அழைத்துப் போவார்கள். பவளம் பார்க்க அமைதியான இடம் வேண்டும் என்பவர்களுக்கு எலிஃபெண்ட் பீச்சைவிட இது மேல்.

சிவப்புப் பலகையை நம்புங்கள்

அந்தமான் கடலோரத்தில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. பயமுறுத்தச் சொல்லவில்லை. 2010-இல் ஹேவ்லாக்கில் கடலில் இறங்கிய ஓர் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்தார். இவை அதிகம் நடமாடும் இடங்கள், அலையாத்திக் காடுகளும், ஓடை வந்து கடலில் சேரும் முகத்துவாரங்களும். அங்கே தண்ணீர் அசையாமல், கண்ணாடிபோல, ‘வா, இறங்கு’ என்று கூப்பிடுவதுபோல இருக்கும். படம் எடுக்க அழகான அந்த மூலைதான் குளிக்கக் கூடாத மூலை. எச்சரிக்கைப் பலகை இருந்தால் பேச்சே வேண்டாம். வலை கட்டிக் குளிக்கும் பகுதி ஒதுக்கியிருந்தால் அதற்குள் மட்டும் இறங்குங்கள். மாலை மங்கியபின் எந்தக் கடற்கரையிலும் தண்ணீருக்குள் நிற்க வேண்டாம்.

முதலையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது நீரோட்டம். கரைக்கு வந்த அலை திரும்பிப் போகும்போது சில இடங்களில் ஒரு வாய்க்கால்போலச் சேர்ந்து இழுக்கும். மேலே பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் அதைத்தான் பாதுகாப்பான இடம் என்று நினைப்பார்கள். உயிர்காப்பாளர் சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் அன்று கடல் இல்லை. இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

புடவையோ, நீள துப்பட்டாவோ நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும். வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் முழங்கால் தாண்டிய ஒரு பேன்டும், முழுக்கை பருத்திச் சட்டையும் பையில் வையுங்கள். முந்நூறு, நானூறு ரூபாய் விஷயம். கடலில் இறங்குவதா வேண்டாமா என்பதை அதுவே தீர்மானிக்கும்.

எதை விட்டுவிடலாம்?

திக்லிபூரில் ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவுகளை ஒரு மணல் திட்டு இணைக்கிறது. தண்ணீர் வற்றும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கலாம். அழகுதான். ஆனால் போர்ட் பிளேரிலிருந்து சாலையில் 300 கிலோமீட்டர். ஜாரவா பழங்குடிகள் வாழும் வனப்பகுதி வழியே, குறித்த நேரத்தில் வாகன அணியாகத்தான் போக முடியும். ஒரு வாரத்துக்குக் குறைவான பயணத்தில் இதைச் சேர்க்காதீர்கள்.

சிடியா டாப்பு அஸ்தமனத்துக்குப் பெயர் பெற்றது. ராதாநகரிலோ லட்சுமண்பூரிலோ அஸ்தமனம் பார்க்கப் போகிறவர்கள் இதை விடலாம். கார்பின்ஸ் கோவ் நகரத்திலேயே இருப்பது. வந்திறங்கிய அன்று மாலை காலாற நடக்கச் சரி.

கூடவே இன்னொன்றையும் விட்டுவிடுங்கள்: சிப்பி பொறுக்கும் ஆசையை. பவளத் துண்டையும் பல வகைச் சிப்பிகளையும் எடுத்துவருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குழந்தையின் பையில் இருப்பது விமான நிலையப் பரிசோதனையில் தெரிந்தால், ஆசையாகச் சேர்த்ததை அங்கேயே கொட்டிவிட்டு விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஐந்து இரவு, மூன்று கடற்கரை

முதல் நாள் போர்ட் பிளேர், செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக். மதியச் சாப்பாட்டுக்குப் பின் நேராக ராதாநகர். மூன்றாம் நாள் காலை, இளைஞர்கள் எலிஃபெண்ட் பீச் போகட்டும். மற்றவர்கள் கூட்டமில்லாத காலை நேரத்தில் மறுபடி ராதாநகருக்கே போகலாம். ஒரே கடற்கரைக்கு இரண்டாம் முறை போகும்போதுதான் எங்கே நிழல், எங்கே ஆழம் என்று தெரிந்து, பயம் விட்டுப்போய், தயங்கியவர்களும் இறங்குவார்கள். நான்காம் நாள் நீல். தண்ணீர் ஏறும் வேளையில் பரத்பூர், வற்றும் வேளையில் பாலம், மாலையில் லட்சுமண்பூர். ஐந்தாம் நாள் போர்ட் பிளேருக்குத் திரும்பி அங்கே ஓர் இரவு.

அந்தக் கடைசி இரவை மிச்சம் பிடிக்காதீர்கள். கடல் சீறினால் தீவுகளுக்கு இடையிலான படகுகள் ரத்தாகும். விமானம் பிடிக்கும் நாளில் நீலிலிருந்து கிளம்புவதாகத் திட்டம் போட்டால், மிச்சம் பிடித்த ஒரு நாள் வாடகைக்குப் பதில் குடும்பம் முழுமைக்கும் புது விமான டிக்கெட் எடுக்க வேண்டிவரும்.

பைகள்? கைப்பேசிகளையும் பணத்தையும் நீர் புகாத ஒரு சின்ன உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். மற்றதை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். மீதி இருக்கும் ஒரு பைக்கு அரை மணிக்கு ஒருவர் என முறை வைத்துக் காவல் இருங்கள். முதல் முறை அப்பாவுடையதாக இருக்கட்டும்.